பெயரும் மூலமாதிரியும்: ஒரு மலைமரத்தின் வரலாறு

கீரிமலைக் கேணியருகே நின்று நோக்கும் நமக்குக் கொனிபர் மரம் அந்நியமானதே. இலங்கைக்கு இயல்பாயுரிய கொனிபர் இனம் எதுவுமில்லை. தென்னிந்தியாவுக்கு உரியதும் ஒன்றே: மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அருகிக் காணப்படும் நாகேயா வாலிச்சியானா. அதன் பெயர் வரலாறு அறிவின் சமூக அடித்தளத்தைத் தெளிவுறுத்துகின்றது.

கிழக்கிந்தியக் கம்பனியின் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவை நிருவகித்த வாலிச், 1830இல் இதற்குப் 'பொடோகார்ப்பஸ் லற்றிபோலியஸ்' எனப் பெயரிட்டார். அகன்ற இலையுடையது என்பது அதன் பொருள். ஆயின் 1825இலேயே அப்பெயர் தென்னாபிரிக்க மரமொன்றுக்கு வழங்கப்பட்டிருந்தது. எனவே 1840களில் பிரெசல் என்பார் வாலிச்சின் பெயராலேயே மாற்றுப்பெயர் அமைத்தார். 1891இல் குன்ட்சே அதனை நாகேயாப் பேரினத்திற் சேர்த்தார். 1969இல் டி லோபன்ஃபெல்ஸ் டெக்குசோகார்ப்பஸ் என்னும் பேரினத்துள் வைத்து, 1987இல் நாகேயாவுக்கே மீண்டார்.

மாற்றுப்பெயர் பழைய பெயரின் மூலமாதிரியையே சாரும் என்பது விதி. ஆகவே தென்மலை மரம் எவ்வினம் என்ற ஐயத்தை வாலிச்சின் உலர்மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டே தீர்க்கவேண்டும். ஐயமற இனங்காணாத ஒன்றைப் பாதுகாத்தலும் அரிது. கம்பனியின் உலர்தாவரத் தொகுதியோ 1913 முதல் இலண்டன் கியூவில் உள்ளது.

வாலிச்சின் பட்டியலிலே கோமஸ், டி சில்வா முதலிய சேகரிப்பாளரின் பெயர்களையேனும் காண்கிறோம். காடறிந்து வழிகாட்டியோர், சுமை சுமந்தோர் பெயர்களைக் காணோம். நாகேயா என்னும் பேரினப் பெயரோ யப்பானிய மக்களின் 'நாகி' என்ற வழக்குச் சொல்லிலிருந்து பிறந்தது. மூலமாதிரி விதியை நாம் மறுக்கவில்லை. அது விஞ்ஞானத்தின் தேவை. மாதிரிகள் யார் கையில் உள்ளன என்பதே வரலாற்றின் வினா.