நெய்யூரும் மண்டைக்காடும்

கல்லூரி நாட்களில் நடந்த ஒரு பட்டிமன்றத்தில் "மக்களுக்குப் பெரிதும் உதவுவது மதமா, அறிவியலா?" என்ற தலைப்பில் அறிவியல் அணிக்காகப் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். குலசேகரத்தில் பஸ் இறங்கி, டம்ளரும் கையுமாக வீட்டுக்குப் போனால் பாட்டா கேட்டது ஒரே கேள்விதான்: "பூட்டனுக்க வயித்தக் கீறினது மதமா, அறிவியலா? அதச் சொல்லுலே மக்கா."

பதில் சொல்லத் தெரியவில்லை. விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

பூட்டனுக்கு வயிற்றுப்புண். அறுவை நடந்தது நெய்யூர் ஆஸ்பத்திரியில், 1940-களில். அந்த ஆஸ்பத்திரியின் கதை 1838-ல், லண்டன் மிஷன் சங்கத்தின் டாக்டர் ராம்சேயோடு தொடங்குகிறது. 1860-களில் ஜான் லோ என்ற டாக்டர் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பே நடத்தினார். ஆனாலும் நம் வயசாளிகளுக்கு நெய்யூர் என்றால் சாமர்வெல் டாக்டர்தான். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் ஒருவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. அது அவர் மனதை வெகுநாள் உறுத்தியது. பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூர் வந்தவர், காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தையும் அதைச் சமாளிக்க ஒரே ஒரு சர்ஜன் இருந்ததையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறியது தனிக் கதை. நெய்யூரில் 1949 வரை இருந்தார், அப்புறம் வேலூர்.

தென் திருவிதாங்கூரில் குடல்புண் அன்று சர்வ சாதாரணம். ஏழைகளின் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. பஞ்சத்தில் உயிர் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதையே மூன்று நேரமும் தின்றால்? நெய்யூர் டாக்டர்கள் சத்துக்குறைவான இந்த உணவைத்தான் சந்தேகித்தார்கள். ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்து பார்த்து, 1948-ல் இரைப்பை அறுவையைப் பற்றி சாமர்வெல் புத்தகமே எழுதினார். ஆக, மதம் அழைத்து வந்தவர் கையில் கத்தி. எதிரே வறுமையால் வந்த நோய். பாட்டாவின் கேள்விக்கு நான் எந்த அணியில் நின்று பதில் சொல்வது?

அதற்காக மிஷன் வந்தது, எல்லாம் சரியாயிற்று என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. கர்னல் மன்றோ காலத்தில் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது கிறிஸ்தவரான பெண்களுக்கு மட்டும். மானத்தை மறைக்க மதம் மாற வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859-ல் வந்த அரசாணை எல்லா நாடார் பெண்களுக்கும் பொதுவானது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை! இதற்கெல்லாம் நடுவே, 1851-ல் மறைந்த அய்யா வைகுண்டர், மதம் மாறச் சொல்லாமலே ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். சாமித்தோப்பில் எல்லாச் சாதிக்கும் பொதுவாக முந்திரிக் கிணறு வெட்டச் செய்தார். ராஜாவைக் கண்டித்ததற்காகச் சிறைக்கும் போனார். குடிநீர்த் திட்ட வேலையில் இருக்கும் எனக்கு, இந்த மாவட்டத்து வரலாற்றில் அந்தக் கிணற்றின் மேல் தனி மரியாதை.

இனி எழுதக் கசப்பான பகுதி. நெய்யூரிலிருந்து கொஞ்ச தூரம்தான் மண்டைக்காடு. 1982 மார்ச்சில் பகவதியம்மன் கொடை சமயத்தில் இந்து, கிறிஸ்தவ மக்களுக்கிடையே கலவரம் மூண்டு துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. கடற்கரையில் வீடுகள் எரிந்தன. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. அதற்கு முன்பே மேடைப் பேச்சும் நோட்டீசுமாக இரண்டு பக்கமும் சூடேற்றி வைத்திருந்தார்கள். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் வலை வீசியோ கூலி வேலை பார்த்தோ சாப்பிடுகிறவர்கள்.

அப்போது சமாதானம் பேச வந்தவர்களில் குன்றக்குடி அடிகளார் ஒருவர். அவர் தம் ஊரில் செய்ததை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறது என்று விஞ்ஞானிகளிடம் போய்த் தொழில்நுட்பம் கேட்டு வாங்கி, கிராமத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் சிறுதொழில்களும் தொடங்கிவைத்தார். மடாதிபதி ஒருவர் வேலையில்லாதவருக்கு வேலை கிடைக்க ஆய்வகத்தின் வாசலில் போய் நின்றது அன்று சிலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதே 1982-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்ற இரு டாக்டர்கள் குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நெருக்கடியான, சுகாதாரம் குறைந்த வீடுகளில் சின்ன வயதிலேயே தொற்றும் கிருமி அது. மாத்திரையிலேயே குணமாகும், அன்று அதற்குத்தான் வயிற்றைக் கீறினார்கள். மரச்சீனியின் மேல் முழுப்பழியும் போட்டது சரியில்லை என்று ஆயிற்று. ஆனால் சந்தேகம் தொடங்கிய இடமான வறுமை அப்படியேதான் நிற்கிறது.

பூட்டன் மதம் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் காலை ஜெபத்துக்குக் கைகூப்பி நின்றாராம். ஊருக்கு வந்து அம்மன் கொடைக்கு வழக்கம் போல வரியும் கொடுத்தாராம். கேள்வி கேட்ட பாட்டா அதற்குப் பதிலை எனக்குச் சொல்லவே இல்லை. கடைசி வரை கட்டன் சாயா குடித்தது மட்டும் அந்தப் பரிசு டம்ளரில்தான்.