தொழுமரமும் தண்டோராவும்: செங்கல்பட்டுக் கிராம நிர்வாகத்தில் நாம் இருந்த இடம்



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் புகழைச் சொல்லிவிட்டு அமர்வது பல மேடைகளில் வழக்கம். நம் மன்றத்தில் அவர் விட்டுச்சென்ற கேள்வியைக் கையில் எடுப்பதே வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி சிறியது: அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில் ஊரை ஆண்டவர் யார்? கணக்கு எழுதியவர் யார், களத்தில் நெல் அளந்தவர் யார், தண்டோரா போட்டவர் யார், தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டவர் யார்?

இதை இப்போது கேட்கக் காரணம் உண்டு. பழைய தமிழ்க் கிராமம் தன்னைத் தானே ஆண்டுகொண்டது, எல்லோருக்கும் பங்கு கொடுத்தது, வெள்ளைக்காரன் வந்துதான் அதைக் கெடுத்தான் என்ற பேச்சு மறுபடியும் பரவுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வேறு எந்த ஊரும் அல்ல, நம் செங்கல்பட்டுதான்.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், ஏரி எத்தனை, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிய ஏடுகள் அவை. காந்தியவாதியான தரம்பால் இந்தக் கணக்குகளைப் படித்துப் பழைய சமூகத்தின் செழிப்பைக் காட்ட முயன்றார். உழைத்துப் படித்த ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பட்டியலைப் படிக்கும்போது அதில் பெயர் உள்ளவர் ஒரு விதமாகப் படிப்பார், பெயர் இல்லாதவர் வேறு விதமாகப் படிப்பார். நாம் இரண்டாம் வகை.

களத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அறுத்துப் போரடித்த நெல்லை அரசுக்கும் மிராசுதாரருக்கும் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் சில பங்குகள் எடுக்கப்பட்டன. களவாசம், மேரை, சுதந்திரம் என்று அவற்றுக்குப் பெயர்கள். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதருக்கு, காவலுக்கு, கடைசியில் வெட்டியானுக்கு. ஆகவே பறையருக்கும் பங்கு இருந்ததே என்பார்கள். இருந்தது. அந்தப் பங்கைப் பெற்றவர் ஊர் ஊழியம் செய்த ஓரிருவர். சேரியின் மற்ற வீட்டாரோ பண்ணையாள், படியாள் என்ற பெயரில் மிராசுதாரரின் நிலத்தில் உழுதவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது படி. ஊரின் விளைச்சலில் உரிமையோடு எடுத்த பங்கு அல்ல அது.

1812-இல் லண்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை தென்னிந்தியக் கிராமத்தின் அலுவலர்களையும் ஊழியர்களையும் வரிசையாக எழுதியது. மணியக்காரர், கர்ணம், தலையாரி, தோட்டி, எல்லைக்காவலர், ஏரி பார்ப்பவர், புரோகிதர், வாத்தியார், சோதிடர், தச்சர், கொல்லர், குயவர் என்று போகிறது அந்த வரிசை. 1853-இல் கார்ல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி எழுதியபோதும் இந்தப் பட்டியலையே எடுத்தாண்டார். ஆனால் பட்டியலில் வயலில் இறங்கி உழுத கூலியாள் இல்லை. நடனம் ஆடுபவரும் பாட்டுக்காரரும் இருக்கிறார்கள், ஏர் பிடித்தவர் இல்லை. 1830-இல் சார்லஸ் மெட்கால்ஃப் இந்தியக் கிராமத்தைச் சிறு குடியரசு என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் எழுந்து நின்று மறுத்தார். அவர் கிராமத்தை வெறுத்தார் என்று இன்றும் குறை சொல்கிறார்கள். கணக்கைப் படித்தவர் என்றுதான் நாம் சொல்வோம்.

வெட்டியான் வேலை என்ன? நிலம் அளக்கும்போது சங்கிலி பிடிப்பது, வசூல் பணத்தைக் காவலோடு கச்சேரிக்குக் கொண்டுபோவது, சாவுச் செய்தி சொல்வது, பிணத்துக்குக் குழி வெட்டுவது, அதிகாரி வந்தால் மூட்டை தூக்குவது, தண்டோரா போடுவது. ஏரி மதகைத் திறந்து மடைக்கு மடை நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையும் பல ஊர்களில் நம்மவர் கையில். ஊரின் எல்லை எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவர் தலையில் நீர்க்குடத்தோடு நடந்து காட்டும் தடமே எல்லை என்று கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவாகியிருக்கிறது. இதைச் சிலர் நம் பழம்பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். ஆனால் எல்லையைக் காட்டியவருக்கு அந்த எல்லைக்குள் ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே நிர்வாகம் செய்யவந்த வெள்ளை அதிகாரிகள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? அவர்கள் நாட்டுக் கிராமத்தில் தேவாலயப் பங்கை ஒட்டித்தான் உள்ளூர் ஆட்சி நடந்தது. 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் ஏழைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். சொத்துள்ளவரிடம் வரி வாங்கி ஏழைக்குக் கொடுத்தார்கள். கருணை என்று நினைத்துவிட வேண்டாம். 1662-இல் வந்த சட்டம், பிழைக்க வந்த ஏழை நாளைக்குப் பாரமாகிவிடுவான் என்று தோன்றினால் அவனை அவன் முன்பு சட்டப்படி குடியிருந்த பங்குக்கே துரத்தலாம் என்றது. 1697-இல் உதவி பெறும் ஏழை தோளில் அடையாளத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அங்கே ஏழையை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். இங்கே ஊரைவிட்டுப் போகாமல் கட்டிவைத்தார்கள். துணி தைக்கும் தேவையும் இங்கே இல்லை. எந்தத் தெருவில் பிறந்தான் என்பதே போதுமானதாக இருந்தது.

குடித்துவிட்டு அபராதம் கட்ட முடியாத ஆங்கிலேயன் ஆறு மணி நேரம் தொழுமரத்தில் உட்கார வேண்டும் என்பது 1606-ஆம் ஆண்டு அவர்கள் நாட்டுச் சட்டம். இரண்டு பலகைகளின் நடுவே ஓட்டை போட்டுக் காலை மாட்டும் கட்டை அது. அந்த ஆறு மணி நேரம் கடல் தாண்டி நம்மிடம் வந்தது. சென்னை மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு 11-ஆம் ஒழுங்குவிதி, வாய்ச்சண்டை, சிறு அடிதடி போன்றவற்றைக் கிராமத் தலைவரே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றது. தண்டனை என்ன? ஊர்ச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்துவைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியார் என்றால் ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் தொழுமரத்தில் மாட்டலாம்.

இதை நாம் நின்று படிக்க வேண்டும். சாதியைச் சட்டத்தில் எழுதாத நடுநிலை அரசு என்று கம்பெனி தன்னைச் சொல்லிக்கொண்டது. இழிவான தண்டனையை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பிறப்பை வைத்துப் பிரித்தது இந்த விதி. பொது இடத்தில் கழுத்தையும் கையையும் மாட்டி நிறுத்தும் தண்டனையை இங்கிலாந்து நாடாளுமன்றம் பெரும்பாலான குற்றங்களுக்கு நீக்கியதும் இதே 1816-இல்தான். தண்டிக்கும் தலைவர் யார்? மிராசுதாரர், அல்லது அவர் உறவினர். குற்றம் சாட்டுபவரும் பெரும்பாலும் அவரே. நாளெல்லாம் அவர் நிலத்தில் உழைத்தவர், ஊர் பார்க்கக் கட்டையில் கால் மாட்டி உட்கார்ந்தார்.

1843-இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்றார்கள். 1858-இல் ஏரிக்கரை உடைப்பைத் தடுக்கக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. 1859-இல் முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டிக்கும் சட்டம் வந்தது. ஒரு கையால் அவிழ்த்ததை மறு கையால் கட்டினார்கள்.

இந்த நிலையில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் ஜே. எச். ஏ. திரமென்ஹீர் 1891-இல் தன் அறிக்கையை எழுதினார். அப்போது மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர். மாவட்டத்தில் இருந்த மிராசு முறை நம்மவரை நிலமற்றவர்களாக வைத்திருப்பதை அவர் காட்டினார். தரிசு நிலத்துக்கு ஒருவர் தர்காஸ்து கொடுத்தால் முதல் உரிமை மிராசுதாரருக்கு. அவர் விட்டுக்கொடுத்தாலும் நிலம் பெற்றவர் அவருக்குச் சுதந்திரம் என்ற பெயரில் கட்ட வேண்டும். மனுவின் மேல் குறிப்பு எழுதுபவர் கர்ணமும் முன்சீப்பும். சேரி இருக்கும் மனையும் மிராசுதாரர் சொந்தம் என்பதால், மனு கொடுத்தவனின் குடிசையைப் பிரித்துப் போடச் சொல்ல ஒரு வார்த்தை போதும். திருவள்ளூர்ப் பக்கம் பணியாற்றிய வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் இதையே எழுதிவந்தார்கள். 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பவை நிபந்தனைகள்.

இதை ஒரு நல்ல வெள்ளைக்காரர் தந்த கொடை என்று மட்டும் எழுதுவது நமக்கு நாமே செய்யும் அநீதி. 1891 டிசம்பர் 1-இல் உதகையில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை கிணறு கேட்டதோடு, படித்த நம்மவருக்குக் கிராம முன்சீப்பு வேலையும் கேட்டது. அரசு நிலத்தின் பக்கம் கொஞ்சம் இறங்கி வந்தது. பதவியின் பக்கம் இறங்கவில்லை. 1895-இல் வந்த பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் முன்சீப்பு, கர்ணம் பதவிகளை அப்பனுக்குப் பின் மகனுக்கு என்று சட்டமாகவே எழுதிக் கொடுத்தது. நிலம் நமக்கு, அந்த நிலத்தின் கணக்கு அவர்களுக்கு என்றானால் நிலம் எத்தனை நாள் நிற்கும்?

நிற்கவில்லை. குத்தகை, கடன், போலிக் கையெழுத்து என்று பல வழிகளில் போயிற்று. செங்கல்பட்டில் கோழியாளம் என்ற ஊரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்குத் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், தெருவில் நடப்பதற்கே அந்தப் பாடு. பதிவேட்டை எட்டிப் பார்ப்பது எங்கே?

பதவி பரம்பரையாகப் போவது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் 1960-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் மணியமும் கர்ணமும் ஒழிந்தது 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டத்தால். வழக்குப் போட்டார்கள்; 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் முதன்முறையாக ஊர்க் கணக்கைத் தொட்டது அப்போதுதான். இதற்கு நம் இலக்கியத்தில் இன்னும் ஒரு நாவல் எழுதப்படாதது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி ஆகியோர் பின்னர் கிராம உதவியாளர் என்ற ஒரே பெயருக்குள் வந்தார்கள்.

அதற்குள் நம் வட்டாரமே மாறிவிட்டது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை. ஏர் பிடித்தவரின் மகன் லேத்தில் நின்றான். அது விடுதலைதான். அதே நேரத்தில் வயல் மனையாயிற்று, குழிக்கணக்கு சதுர அடியாயிற்று, ஒரு காலத்தில் யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய மேட்டுத் தரிசு கோடிக்கணக்கில் விலைபோயிற்று. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஆணை வந்து நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து.

2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியானது. ஆனால் நிலத்தின் கணக்கு இன்னும் வருவாய்த்துறையின் பழைய ஏடுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த அவையில் இருக்கும் இளையவர்களிடம் நாம் கேட்பது ஒரு வேலை. அயப்பாக்கம், கொரட்டூர், திருமுல்லைவாயில், பருத்திப்பட்டு, நசரத்பேட்டை என்று அவரவர் ஊருக்குப் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களைத் தனியாக எழுதுங்கள். இன்றைய அ-பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டில் வெட்டியானாகவோ நீர்க்கட்டியாகவோ இருந்த தாத்தா உயிரோடு இருந்தால், எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்ந்தது, சேரி நத்தம் எதுவரை இருந்தது என்று அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் ஊர்வாரியாக உட்கார்ந்து படிப்போம்.