பினாங்கு: அண்டை அயலாரின் தீவு

மலாக்கா நீரிணையின் வடவாயிலில் உள்ள பினாங்குத் தீவுக்குக் கடற்கரையை நாடிச் செல்வோர் பலர். வடகரையிலுள்ள பத்து ஃபெரிங்கியின் மணலும் மாலை வெயிலும் அவர்களை ஏமாற்றுவதில்லை. ஆயினும் தீவின் தனிச்சிறப்பு ஜார்ஜ் டவுன் நகரில்தான் இருக்கிறது.

1786-இல் பிரான்சிஸ் லைட், கெடா சுல்தானுக்குரிய இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்றதும் சீனரும், சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரும், அச்சே நாட்டாரும், ஆர்மீனியரும் வந்து குடியேறினர். பின்னாளில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ என்னும் கப்பலேறி வந்திறங்கிய தமிழரும் பலர்.

இவர்கள் அருகருகே வாழ்ந்ததைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடந்தாலே காணலாம். 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஒரு முனையில். சற்றுத் தள்ளி, ஊதுவத்திப் புகை சூழ்ந்த சீனரின் கருணைத் தெய்வக் கோயில். ஒட்டிய குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அப்பால், 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசல். எல்லாம் சில நூறு மீட்டருக்குள்.

இந்த அண்டை உறவு தட்டிலும் தெரியும். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடித்தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதே நாசி கண்டார். இன்று கடையில் ‘பஞ்சிர்’ (மலாயில் வெள்ளம்) என்று சொன்னால் போதும். பரிமாறுபவர் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கணவாய்க் குழம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றையே மூழ்கடித்துவிடுவார். வரிசையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்தே நிற்பர். அசாம் லக்சாவிலோ புளிப்பேறிய மீன்சாற்றில் அரிசி நூடுல்ஸ்; மேலே இஞ்சிப்பூவும் புதினாவும், கடைசியாக ஒரு கரண்டி கறுத்த இறால் விழுதும்.

மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தபோது, பழைய கட்டடங்களோடு இந்தப் பன்மைப் பண்பாட்டையும் போற்றியது. ஆனால் அதற்கு முன்பே சேதம் தொடங்கிவிட்டது. பழைய குடிகளைக் காத்துவந்த 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டு, 2000 பிறந்ததும் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போனது. வாடகை ஏறியது, தலைமுறையாக அஞ்சடி எனும் கடைமுன் நடைபாதைக்குப் பின்னே கடையும் வீடுமாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. மரபுரிமைப் புகழ் வந்தபின் அவ்விடங்கள் பலவற்றில் தங்குவிடுதிகளும் காப்பிக் கடைகளும் முளைத்தன. சுவருக்கு வண்ணம் பூசுவது எளிது. தெருவைவிட்டுப் போன குடும்பத்தைத் திரும்ப அழைத்து வருவது எளிதன்று.

ஆகவே பினாங்கு செல்வோர் சுவரோவியத்தின் முன் படமெடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். இன்னும் அதே தெருவில் தொழில் செய்யும் தையற்காரரிடமும், பூக்கட்டுபவரிடமும், தள்ளுவண்டிக்காரரிடமும் காசு கொடுத்துப் பொருள் வாங்குங்கள். அவர்கள் அங்கே இருக்கும்வரைதான் அந்த ஊர் மரபுரிமை நகரம்.