துயரமும் இரக்கமும்

துயரமும் இரக்கமும் என்பது, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜெர்மனி பிரான்சை ஆக்கிரமித்திருந்த காலத்தைப் பற்றி மார்செல் ஓபுல்ஸ் 1969-இல் இயக்கிய ஆவணப்படம். ‘வீழ்ச்சி’, ‘தேர்வு’ என்னும் இரு பாகங்களாக நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இப்படம், ஒரு தேசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட யுத்தகாலக் கதையை அத்தேசத்துப் பிரஜைகளின் வாய்மொழியைக் கொண்டே சோதித்தது.

1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றபின் விஷி நகரில் மார்ஷல் பெத்தேன் நடத்திய அரசாங்கம் ஜெர்மானியரோடு ஒத்துழைத்ததோடு நில்லாமல், அவ்வாண்டு அக்டோபரிலேயே யூதருக்கு எதிரான சட்டமொன்றைத் தானாகவே இயற்றியது. 1942 ஜூலையில் பாரிஸில் ஏறத்தாழ 13,000 யூதரைப் பிடித்தவர்களும் பிரெஞ்சுப் போலீஸாரே. ஆயினும் விடுதலைக்குப் பின்னர், துரோகிகள் சிலர் நீங்கலாகத் தேசம் முழுவதுமே பகைவனை எதிர்த்து நின்றது என்ற ஐதீகம் ஜெனரல் தெ கால் காலத்தில் வேரூன்றிற்று. 1956-இல் வெளியான அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ படத்தில், கைதிகளின் முகாமைக் காவல் காத்த பிரெஞ்சுக்காரன் ஒருவனின் தொப்பி தெரிந்த புகைப்படத்தைத் தணிக்கையாளர் ஆட்சேபிக்க, அத்தொப்பியை மறைத்த பின்பே படம் திரைக்கு வந்தது.

ஓபுல்ஸ் பாரிஸை விட்டு, விஷிக்கு அருகிலுள்ள கிளெர்மோன்-பெரான் நகரைத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் பிரதமரான மாந்தெஸ் பிரான்ஸ், பிரிட்டிஷ் அரசியல்வாதி ஆந்தனி ஈடன் ஆகியோருடன் விவசாயிகளும், மருந்துக் கடைக்காரரும், ஜெர்மன் படையில் விரும்பிச் சேர்ந்த பிரெஞ்சுப் பிரபு ஒருவரும் இதில் சாட்சியம் அளிக்கின்றனர். தம் பெயரைக் கேட்டு யூதர் என ஊரார் எண்ணிவிடுவார்களோ என்று, தாம் யூதரல்லர் எனப் பத்திரிகையில் விளம்பரம் செய்த கடைக்காரரிடம் அதற்கான காரணத்தை ஓபுல்ஸ் நிதானமாகக் கேட்கிறார். தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்றறிந்தும், புக்கென்வால்ட் முகாமிலிருந்து மீண்ட விவசாயி ஒருவர் பழிவாங்க முயலவில்லை. இச்சாட்சியங்களுக்கிடையே அக்காலத்துப் பிரசாரச் செய்திப்படங்கள் இடம்பெறுகின்றன. வர்ணனையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றே மறுத்துவிடுகிறது.

பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி இதை ஒளிபரப்ப மறுத்தது. மக்களுக்கு இன்னும் தேவைப்படும் ஐதீகங்களை இப்படம் அழிக்கிறது என்பதே அதன் தலைமை அதிகாரி கூறிய காரணம். 1971-இல் பாரிஸின் சிறிய திரையரங்கொன்றில் வெளியாகிப் பெருந்திரளானோரை ஈர்த்த படம், 1981-இல்தான் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு வந்தது.

ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பி வந்த சிமோன் வேய் போன்றோர், எதிர்ப்பாளரின் தியாகத்தையும் யூதருக்கு அடைக்கலம் தந்தோரையும் படம் குறைத்துக் காட்டியதாகக் கண்டித்தனர். பெண்களின் சாட்சியம் மிகக் குறைவு என்பதும் மறுக்கவியலாத குறை. ஆயினும், அமெரிக்கச் சரித்திராசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியுடன் சேர்ந்து, விஷிக் காலத்தைப் பற்றிய பிரெஞ்சு மக்களின் எண்ணத்தை மாற்றிய பெருமை இப்படத்துக்கு உண்டு. யூதரை நாடுகடத்தியதில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என ஜனாதிபதி ஷிராக் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1995 ஜூலையில்தான்.