அமெரிக்கக் கூரையின் கதை: தீயும் தண்ணீரும்

வீட்டுக்குக் கூரை எதற்கு என்று கேட்டால் வெயிலுக்கும் மழைக்கும் என்போம். ஆனால் அமெரிக்காவில் கூரையின் வரலாற்றை எழுதியது வெயிலும் மழையும் மட்டுமல்ல, தீயும்தான்.

இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தொடக்கத்தில் புல்லால் கூரை வேய்ந்தார்கள். தீ விபத்துகளுக்குப் பயந்து, 1631ஆம் ஆண்டிலேயே பாஸ்டனில் புல் கூரையும் மரப் புகைபோக்கியும் கூடாது என்று தடை போட்டார்கள். காடுகள் நிறைந்த நாட்டில் அடுத்து கைக்கு எட்டியது மரம்தான். மரத்தை மெல்லிய துண்டுகளாகப் பிளந்து, மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்று படியும்படி அடித்தார்கள். இதுதான் ஷிங்கிள் கூரை.

செலவு குறைவு, வேலை சுலபம். ஆனால் வெயிலில் காய்ந்த மர ஓடு நல்ல விறகு! காற்றடித்தால் எரியும் துண்டுகள் பறந்து போய் அடுத்த தெருக் கூரையில் விழும். 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்தபோது சுமார் 300 பேர் இறந்தனர், ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். மரத்தால் கட்டிய அந்த நகரத்தில் தீ வேகமாகப் பரவ மரக் கூரைகளும் ஒரு காரணம்.

மாற்று வழி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தார் ஊறிய கம்பளம் போன்ற தாளின் மேல் கல்துகள் தூவிய கூரைச் சுருள்கள் அப்போது விற்பனையில் இருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ் 1903 வாக்கில் அந்தச் சுருளைத் துண்டுகளாக வெட்டி ஓடு போல விற்றார். இன்று அமெரிக்க வீடுகளில் அதிகம் காணப்படும் தார் ஷிங்கிள் இப்படிப் பிறந்ததுதான். மர ஓடு வேண்டாம் என்று அங்கே குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தீக் காப்பீட்டு நிறுவனத்தார். நஷ்ட ஈடு அவர்கள் பையிலிருந்து அல்லவா போகிறது!

ஆனாலும் மாற்றம் எளிதாக நடக்கவில்லை. 1923 செப்டம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சில மணி நேரத்துக்குள் 580க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. உடனே தீயைத் தாங்கும் கூரை கட்டாயம் என்று நகர மன்றம் சட்டம் போட்டது. மர வியாபாரிகளின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரும் முன்பே ரத்தானது. 68 ஆண்டுகள் கழித்து, 1991 அக்டோபரில், ஓக்லாண்ட், பெர்க்லி மலைப்பகுதியில் மீண்டும் பெருந்தீ. 25 பேர் பலியானார்கள். வீடுகள் அத்தனை வேகமாக எரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மரக் கூரையும் ஒன்று. அன்று மிச்சம் பிடித்தது எவ்வளவு, பிறகு இழந்தது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீயின் கதை இது. தண்ணீரின் கதை வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தரையோடு படிந்தாற்போல நீண்ட, ஒரே தள வீடுகள் பெருகின. அவற்றின் கூரைக்கு வாட்டம் குறைவு. இங்கேதான் சிக்கல். ஷிங்கிள் தண்ணீரை அடைத்து நிறுத்துவதில்லை, வழித்து விடுகிறது, அவ்வளவுதான். வாட்டம் போதாவிட்டால் தண்ணீர் மெதுவாக நகரும். காற்று தள்ளினால் ஓடுகளுக்கு இடையே மேல்நோக்கி ஏறி ஆணித் துளை வழியாக உள்ளே இறங்கும். பனிப் பிரதேசங்களில் கூரை விளிம்பில் பனி உறைந்து அணை போல நிற்க, உருகிய நீர் அதன் பின்னால் தேங்கும்.

அதனால்தான் அமெரிக்கக் கட்டிட விதிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. 12 அங்குல நீளத்துக்கு 4 அங்குல உயரம் இருந்தால் சாதாரண முறை போதும். 2 முதல் 4 அங்குலம் வரை என்றால் ஷிங்கிளுக்கு அடியில் இரட்டை விரிப்பு வேண்டும். 2 அங்குலத்துக்கும் கீழே என்றால் தார் ஷிங்கிளே கூடாது. இணைப்பே தெரியாத ரப்பர் அல்லது தார் விரிப்பு போன்ற வேறு வகைக் கூரை போட வேண்டும்.

பல சரிவுகள் சேரும் கூரை என்றால் கவனம் இன்னும் அதிகம் தேவை. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் இரு பக்கத்துத் தண்ணீரும் சேரும். புகைபோக்கிக்குப் பின்னால் குப்பை அடையும். கூரை சுவரைத் தொடும் இடத்தில் படிப்படியாகத் தகரம் மடித்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒழுகுவது ஓட்டின் நடுவில் அல்ல, இந்த இணைப்புகளில்தான். பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓட்டை அடித்தால் அடியில் மக்கிப்போன பலகை கண்ணுக்குத் தெரியாது. முழுவதும் பிரித்துப் பார்த்து மாற்றினால் செலவு கூடும், ஆனால் அந்தச் செலவு ஒருமுறையோடு போகும்.

புல்லை மாற்றி மரம், மரத்தை மாற்றி தார். பொருள் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது மாறவில்லை. கூரை மாற்றுகிறவர் கடையில் ஓட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக் கூரையின் வாட்டத்தைப் பார்ப்பது நல்லது!