நீரிழிவும் சிறுநீரகமும்: நோய் காணும் முறையின் வரலாறு

நீரிழிவினாற் சிறுநீரகம் பழுதுறுவது நோவின்றி நிகழ்வது. நோயாளி தம் கால் வீக்கத்தைக் காணும் வேளையில் அவ்வுறுப்பு வெகுவாகக் கெட்டிருக்கும். ஆதலின் இந்நோயைக் காணும் முறையின் வரலாறு, புலப்படாததைச் சற்று முற்படக் காண ஒவ்வொரு தலைமுறையும் முயன்ற வரலாறேயாகும்.

1776இல் லிவர்பூல் நகர வைத்தியர் மத்தியூ டொப்சன் நீரிழிவு நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, அதிற் சர்க்கரை எஞ்சுவதைக் காட்டினார். 1827இல், இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சாட் பிறைற் தம் ஆய்வுகளை வெளியிட்டார். உடல் வீங்கியோரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரிற் பிடித்தால், அது முட்டை வெண்கருபோலத் திரையும். அல்புமின் என்னும் புரதம் கசிகின்றது என்பதற்கு அதுவே சான்று. அடுக்களைப் பொருள்களே அச்சோதனைக்குப் போதுமாயிருந்தன!

இவ்விரு நோய்களையும் இணைக்கும் தெளிவான சான்று நெடுங்காலம் கிட்டவில்லை. இன்சுலின் வருமுன் இளம் நோயாளர் பலர், சிறுநீரகம் கெடும்வரை உயிர்வாழ்ந்ததே இல்லை. 1922இல் அம்மருந்து வழங்கப்படத் தொடங்கியபின் ஆயுள் நீண்டது. மறைந்திருந்த கேடும் வெளிப்பட்டது. 1936இல் கிம்மெல்ஸ்ரீல், வில்சன் என்போர் இறந்தோரின் சிறுநீரகக் கலன்கோளங்களில் முடிச்சுப்போன்ற தடிப்புக்களைக் கண்டு விவரித்தனர்.

உயிருள்ளோரிடத்து முற்படக் காண்பது எங்ஙனம்? பிறைற் பணியாற்றிய அதே வைத்தியசாலையில், 1963இல் ஹறி கீன் முதலியோர் கதிர்த்தொழிற்பாட்டைத் துணைக்கொண்டு, சுடருக்குப் புலப்படாத நுண்ணளவு அல்புமினையும் அளந்தனர். அத்தகைய நுண்கசிவு பிற்காலச் சிறுநீரகக் கேட்டின் முன்னறிகுறி என்பதை 1982இல் விபேட்டி முதலியோர் காட்டினர். ஆயினும் சிலருக்கு அல்புமின் மிகுதியாகக் கசியாமலே சிறுநீரகம் தளர்கின்றது. ஓர் அளவையை மட்டும் நம்புவதன் குறை இது.

இக்குறையை நிரப்பவே கணினி புகுந்தது. முன்னைய நோயாளரின் பதிவுகளையும் அவர்கள் அடைந்த முடிவையும் ஒப்பிட்டு, எவ்வெவ் அளவுகள் கூடுமிடத்துக் கேடு விளைந்தது என்பதை இயந்திரம் தானே பயில்கின்றது. குருதியிலுள்ள மூன்று குறிகளையும் மருத்துவப் பதிவையும் இணைத்து, இரண்டாம் வகை நீரிழிவுற்றோரின் சிறுநீரகம் விரைந்து தளருமா எனக் கணிக்கும் கிட்னிஇன்ரெல்எக்ஸ் என்னும் சோதனைக்கு 2023 யூனில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது.

பயிலும் இயந்திரத்துக்குப் பதிவே ஆசான். ஆசான் பிழைபடின் மாணவனும் பிழைபடுவான். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஒரு சூத்திரம், குருதியிலுள்ள கிரியற்றினினைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிதிறனைக் கணித்தது. கறுப்பின மக்களுக்கு மட்டும் அது விடையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திற்று. உள்ளதினும் நலமுடையோராய்த் தோன்றிய அவர்களுட் பலர் பிந்தியே சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். இனக்காரணி நீக்கப்பட்ட புதிய சூத்திரம் 2021இலேயே வந்தது. அதற்கு முந்திய பதிவேடுகளிற் பழைய எண்கள் பதிந்தே கிடக்கின்றன. அவற்றைத் திருத்தாது இயந்திரத்துக்குப் புகட்டுவோர் அப்பிழையையும் உடன் புகட்டுகின்றனர். மனிதர் இழந்த காலத்தை ஓரளவு மீட்கவும் வழி செய்யப்பட்டது: பழைய கணிப்பினால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான நிரலிற் பிந்திச் சேர்க்கப்பட்ட கறுப்பின நோயாளரின் காத்திருப்புக் காலத்தை முன்னிட்டுக் கணக்கிடுமாறு 2023 சனவரி முதல் அமெரிக்க வைத்தியசாலைகள் பணிக்கப்பட்டன.