அரித்தா பீங்கான் பிறந்த கதை

1600 வரைக்கும் ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரிந்தவர் கிடையாது. மண்பாண்டக் கலை அங்கே நன்றாகவே வளர்ந்திருந்தது. ஆனால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும் வெள்ளைப் பீங்கான் வேண்டுமென்றால், சீனாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ கப்பலில் வந்தாக வேண்டும்.

1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. ஊர் திரும்பிய பிரபுக்கள் அங்கிருந்த குயவர்களையும் பிடித்து வந்தார்கள். கியூஷூ தீவில் சாகாவை ஆண்ட நபேஷிமா நவோஷிகெயிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யீ சாம்-பியோங். ஏற்ற மண்ணைத் தேடி அலைந்த அவர், 1616இல் அரித்தா என்ற மலையூரின் இசுமியாமா குன்றில் அதைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

அவர் கண்டது மண்ணல்ல, வெளிறிய பாறை. அதை வெட்டி, இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்துத் தெளியவிட்டு, நுண்ணிய வண்டலை மட்டும் எடுத்துப் பிசைய வேண்டும். மலைச்சரிவில் அறை அறையாக மேலேறும் சூளையில், சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டும். பாறையைப் பார்த்ததும் அதற்குள் இருக்கும் பாத்திரம் தெரிந்திருக்கிறதே, அந்தக் கண்ணைத்தான் நான் வியக்கிறேன்.

1644இல் சீனாவில் மிங் பேரரசு சரிந்தது. உள்நாட்டுப் போரில் அந்நாட்டின் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனின் சூளைகள் தடுமாற, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அரித்தாவை நாடியது. 1659இல் ஒரே தடவையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

அந்த நூற்றாண்டில் கம்பெனிக்காகச் செய்த தட்டு ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வெள்ளைப் பரப்பின் நடுவே, ஒன்றோடொன்று பின்னிய கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் நீல நிறத்தில் இருக்கும். சுற்றிலும் பறவைகள், மாதுளை. விளிம்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பது சீனத் தட்டுகளைப் பார்த்துச் செய்தது. திருப்பினால் அடியில் சிறுசிறு புள்ளித் தழும்புகள். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்த தடம் அது. அரித்தா தட்டை அடையாளம் காண அனுபவசாலிகள் தேடுவதில் இதுவும் ஒன்று.

இந்தச் சரக்கெல்லாம் இமாரி துறைமுகம் வழியாகப் போனதால், உலகம் அதை ‘இமாரி’ என்றே அழைத்தது. செய்த ஊரின் பெயரே பின்னுக்குப் போனது என்றால், பிடித்துவரப்பட்ட குயவர்களின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அரித்தா மக்கள் மறக்கவில்லை. யீ சாம்-பியோங்குக்கு 1917இல் ஊரில் ஒரு குன்றின் மேல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அருங்காட்சியகங்களும் இந்தத் தட்டுகளின் விளக்கச் சீட்டில் கொரியக் குயவர்களுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும்.